நான்கு விரல் உயரம்

பத்தாவதோடு நின்றவள் நான். எழுத வந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நேற்று மகள் கல்லூரிக்கு வாங்கிவந்த, அடிப்பாகம் தடித்த ஷூவின் பெட்டியைத் திறந்ததும் சொல்யூஷன் பசையின் வாடை வந்தது. பழைய துறைமுகம் போகும் வழியில், இப்போது லாரிகள் நிற்கும் இடத்தில், அன்று இருந்த செருப்புக் கொட்டகையின் வாடை அது. பெல்பாட்டம் போட்ட இளவட்டங்கள், கப்பல்காரர்கள் காலில் பார்த்த உயர ஷூ வேண்டும் என்று அங்கே கூடுவார்கள். செருப்பு தைப்பவர் வலையின் மிதவைக் கட்டையை அறுத்து, தோல் போர்த்தி அடியில் ஒட்ட, அது காயும்வரை ஒற்றைக்காலில் நின்று கேலி பேசுவார்கள்.

குள்ளம் என்று இரண்டு இடம் தட்டிப்போன என் சின்ன மாமாவும் அங்கே நான்கு விரல் உயர்ந்து, அதற்கேற்பப் பேண்ட் தைத்து, என்னையும் கூட்டிக்கொண்டு மூன்றாவது பெண்ணைப் பார்க்கப் போனார். வாசலில் ஷூவைக் கழற்ற வேண்டுமே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. கழற்றினார். பேண்ட் தரையைக் கூட்டிக்கொண்டு வந்தது.

"ஏளா, பாதி மாப்பிள்ளை வாசல்லயே நின்னுட்டாரு!" என்று உள்ளே ஒருத்தி சொல்ல, வீடே சிரித்தது. மாமா தலை நிமிரவில்லை. பெண் மட்டும் சிரிக்காமல், "பாத்து வாங்க, தடுக்கி விழுந்துறப் போறிய," என்றாள்.

மறுநாள் சம்மதம் என்று ஆள் வந்து சொன்னார். மாமா பேண்ட்டை நான்கு விரல் வெட்டித் தைக்கக் கொடுத்தார்.