உடுத்திய துணியோடு

நான் பிறந்தது தூத்துக்குடிக் கடற்கரையில். அப்பா வீட்டு ஆண்கள் தலைமுறை தலைமுறையாக முத்துக்குளித்தவர்கள். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்களில் ஒருத்திக்கும் நீச்சல் தெரியாது. கேட்டால், "பொம்பளப் புள்ள உடுதுணியோட எப்படிளா நீந்துவா?" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் அக்கா போனது அந்தப் பேச்சால்தான் என்பேன். வள்ளம் கரைக்குப் பக்கத்திலேயே கவிழ்ந்தது. உடன் போன ஆண்கள் நீந்திக் கரை சேர்ந்தார்கள். பாவாடை தாவணியில் இருந்த அக்கா வரவில்லை. "துணிதான் அவள இழுத்துட்டுப் போயிட்டு" என்று அம்மா இன்றைக்கும் சொல்லுவாள். அதற்குப் பிறகு என்னைக் கணுக்காலுக்கு மேல் நனைய விட்டதில்லை.

கல்யாணத்துக்குப் பின் கணவருக்கு நெதர்லாந்தில் ஒரு துறைமுகத்தில் வேலை கிடைத்தது. மகளோடு மூவரும் போனோம். அங்கே தெருவுக்குத் தெரு வாய்க்கால், பல இடங்களில் கைப்பிடிச் சுவர்கூடக் கிடையாது. மகள் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் நடப்பேன். பிள்ளைகள் எல்லாரும் நீச்சல் கற்றுப் பரீட்சை தேறுவது அந்த ஊர் வழக்கம். மகளையும் சேர்த்துவிட்டோம். பரீட்சை நாளில் முழுக்கைச் சட்டை, கால்சட்டை, ஷூ எல்லாம் போட்டு அனுப்பச் சொன்னார்கள். எதையோ தப்பாகப் புரிந்துகொண்டோம் என்று நினைத்துப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் கேட்டேன்.

"வாய்க்காலில் விழுகிறவர்கள் உடை மாற்றிக்கொண்டா விழுகிறார்கள்?" என்று சிரித்தாள்.

எனக்குக் கோபம்தான் வந்தது. அவள் மேல் அல்ல, எங்கள் கரையில் முத்தெடுத்த அத்தனை பேர் மேல். பெண்ணை நீந்த விடாததற்கு அவர்கள் சொன்ன காரணத்தையே இங்கே பாடமாக வைத்திருக்கிறார்களே! மறுநாளே பெரியவர்கள் வகுப்பில் பெயர் கொடுத்தேன்.

"இந்த வயசுல இது தேவையா?" என்றார் கணவர். தேவைதான் என்றேன். மூக்கில் தண்ணீர் ஏறியது, கண் எரிந்தது, பக்கத்து வகுப்புப் பொடிசுகள் என்னைப் பார்த்துச் சிரித்தன. விடவில்லை. கடைசியில் பரீட்சை நாளில், நீச்சல்குளத்தில் சுடிதாரோடு குதித்து மறுகரை சேர்ந்தேன். எனக்கு முன்பே தேறிவிட்ட மகள் கைதட்டினாள். எனக்கு அது போதவில்லை. அம்மா பார்க்க வேண்டும்.

போன விடுமுறைக்கு ஊருக்கு வந்ததும் அம்மாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். கடல் குளம் மாதிரிக் கிடந்தது. பாட்டி கையைப் பிடித்துக்கொள்ளும்படி மகளிடம் சொல்லிவிட்டு, துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டினேன்.

"ஏளா, எங்கன போற? போவாத, சொல்லுதேன்ல!"

அம்மா போட்ட சத்தத்தில், வலையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று இறங்கினேன். ஆழம் வந்ததும் துணி கனத்தது, காலைச் சுற்றியது. அக்காவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அழுகையை அடக்கி, மூச்சைச் சீராக்கி, நங்கூரம் போட்டுக் கிடந்த வள்ளத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன்.

சொட்டச் சொட்ட அம்மா முன்னால் வந்து நின்றேன். திட்டப்போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் என் துப்பட்டா நுனியைப் பிடித்து மெதுவாகப் பிழிந்தாள்.

"இன்னொரு தடவ போயிட்டு வா," என்றாள். "நான் கண்ண மூடிட்டேன்."