ஈரச் சாக்கு கட்டிய ஜெனரேட்டர்

ஷார்ஜா பட்டறையில் வெந்தேன், ஜுபைல் கேம்ப்பில் புழுங்கினேன். அரபு நாட்டில் குளிரில் மாட்டுவேன் என்று நினைத்ததில்லை. சவுதியின் வடக்கே, தபூக் பக்கத்து மலையில் டவர் வேலைக்கு அனுப்பினார்கள். வசந்தம் பாதி போயிருந்தது. குளிர்காலம் முடிந்தது என்று சொல்லி, எங்களிடமிருந்த ஜாக்கெட்டுகளைக் கம்பெனி திரும்ப வாங்கிக்கொண்டது.

கொஞ்ச நாளிலேயே ஒரு காலையில் வானம் மங்கிக் காற்று கிளம்பியது. எங்கள் போர்மேன் திருநெல்வேலிக்காரர். மணல்காற்றுதான் என்று முடிவு கட்டிவிட்டார். மணல்காற்று வந்தால் ஜெனரேட்டர் காற்று இழுக்கும் வாயில் நனைத்த சாக்கைக் கட்டுவது எங்கள் வழக்கம். சாக்கு மணலைப் பிடித்துக்கொள்ளும், என்ஜின் தப்பிக்கும். அன்றும் கட்டினோம்.

வந்தது பனி. கண்ணைத் திறக்க விடாமல் குறுக்காக அடித்தது. சாக்கு உறைந்து பலகையாக இறுகியது. ஜெனரேட்டர் மூச்சு முட்டி, கரும்புகை கக்கி நின்றது. நாங்கள் தங்கியிருந்த கண்டெய்னர் அறைக்குள் ஹீட்டரும் அணைந்தது.

உள்ளே வெல்டர் பாய் காய்ச்சலில் கிடந்தார். கீழக்கரைக்காரர், நெஞ்சில் சளி கட்டியிருந்தது. எங்கள் கம்பளிகளையெல்லாம் அவர்மேல் போட்டும் உடம்பு உதறியது. பிறகு உதறல் நின்றது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது; குளிரில் உதறக்கூடத் தெம்பில்லை என்றால் உடம்பு கைவிடுகிறது என்று அர்த்தம்.

"பாய், தூங்கிராதீங்க."

"பிரீஸர்ல வச்ச மீன் தூங்குமாப்பா?" என்றார். நாக்கு குழறியது.

மலைப்பாதை பனியில் மூடிவிட்டது. இறக்கிக் கொண்டுபோக வழியில்லை. நான் கத்தியோடு ஜெனரேட்டரிடம் போனேன். போர்மேன் குறுக்கே நின்றார்.

"எல, சாக்குல கை வைக்காத. பனி விட்டு மணல் அடிச்சா என்ஜின் காலி. கம்பெனிக்கு எவம்ல பதில் சொல்லுவான்?"

"பாய் செத்தா அவரு பொண்டாட்டிக்கு யாரு அண்ணாச்சி பதில் சொல்லுவா? நீங்க சொல்றீங்களா?"

முறைத்தார். வைதார். பிறகு அவரே போய் டீ அடுப்பிலிருந்து கொதிநீரைத் தூக்கி வந்தார். ஊற்ற ஊற்ற நான் அறுத்தேன். சாக்கோடு என் விரல்தோலும் கொஞ்சம் வந்தது. பிக்கப் வண்டியின் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுத்தோம். என்ஜின் இருமி இருமிக் கடைசியில் ஓடியது.

ஹீட்டர் சிவந்தது. வெகுநேரம் கழித்துத்தான் பாய் மறுபடி உதறத் தொடங்கினார்.

மறுநாள் வெயில் வந்து பாதை திறந்தது. பாயைப் பிக்கப்பில் இறக்கினோம். எதிரே வரிசையாகக் கார்கள், பனி பார்க்க வந்த கூட்டம். யாரும் ஒதுங்கவில்லை. ஒருவன் சிரித்தபடி எங்கள் கண்ணாடியில் பனிக்கட்டியை எறிந்தான். நான் இறங்கி ஒவ்வொரு காராகத் தட்டி, "மரீத், மரீத்" என்று உள்ளே கிடந்த நோயாளியைக் காட்டிக் கத்தினேன். அப்புறம்தான் வழி விட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் நுரையீரலில் நீர் என்றார்கள், பிழைத்துக்கொள்வார் என்றார்கள். வாசலில் போர்மேன் வண்டியை ஓடவிட்டபடி நின்றார்.

"ஏறுல. டியூட்டி கெடக்கு."

ஏறினேன்.