அண்ணையும் முதல் பேஸ்காரனும்

ரொறன்ரோவில் இருந்த அண்ணை ஞாயிறுதோறும் லண்டன் மோர்டனில் இருக்கிற எனக்குப் போன் எடுத்து, ஒரு பேஸ்போல் ஆட்டக்காரனைப் பற்றித்தான் கதைப்பார். முதல் பேஸில் நிற்கிற ஆள். பந்தை மைதானத்துக்கு வெளியே அடிப்பான்; ஓடவோ பிடிக்கவோ ஏலாது.

"ஆகச் சிறந்த ஆட்டக்காரரைச் சேர்க்கிற புகழ் மண்டபத்தில அவனையும் சேர்க்கத்தான் வேணும்."

"அடி மட்டும் காணாது, அண்ணை. ஓடவும் பிடிக்கவும் வேணும்."

போன மாதம் அண்ணை செத்துப்போனார். எனக்கு அழுகை வரவில்லை. முப்பத்தோராம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலருக்கு நாலு வரி கேட்டார் அண்ணி. ட்ராமில் இருந்தபடியே, "தர்மவான், பண்பாளர், ஊர் போற்றிய உத்தமர்" என்று எழுதி அனுப்பினேன். எல்லாருடைய மலரிலும் அதுதான் இருக்கும். அண்ணை அப்படி இருந்தாரோ என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்த ஆட்டக்காரன் இன்னும் மண்டபத்துக்கு வெளியில்தான் நிற்கிறான். அண்ணையை நான், ட்ராம் இரண்டு தரிப்பிடம் தாண்டுவதற்குள், உள்ளே அனுப்பிவிட்டேன்.