எங்கள் குதிரைக்குட்டியின் நெஞ்சுப் படம்

கல்வராயன் மலையில் எங்கள் நிலத்துக்கு வண்டிப் பாதை கிடையாது. மரவள்ளி மூட்டையைக் குதிரைதான் இறக்கும். ஒரே குதிரை. மட்டக்குதிரை. அதற்கும் வயதாகிவிட்டது. அது போட்ட குட்டி பிழைத்தால்தான் இனிமேலும் மூட்டை இறங்கும்.

குட்டி சோர்ந்து பிறந்தது. தானாக எழவில்லை. மறுநாள் நாய் மாதிரி இரைத்தது. கால்நடை டாக்டரம்மா வந்து நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அவர் முகம் மலர்ந்தது. பிறந்த குதிரைக்குட்டியின் நெஞ்சுக்குள் எது எங்கே இருக்கிறது என்று சிடி ஸ்கேனில் படம் எடுத்து ஆராய்கிறாராம். குட்டிதான் கிடைக்கவில்லையாம்.

“பொறக்கறப்பவே வெலா எலும்பு ஒடஞ்சிருக்கலாம். முனை இதயத்துல குத்துனா போச்சு. படம் எடுத்துப் பாத்துடலாங்க.”

“பாத்தா பொழைக்குமா?”

“பாக்காம எப்படிங்க சொல்றது?”

நியாயம். கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் மனுசருக்கு ஸ்கேன் எடுக்கும் இடம். ஞாயிற்றுக்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரத்துக்கு டாக்டரம்மா சொல்லி வைத்திருந்தார். தாயையும் குட்டியையும் ரோடு வரை கொண்டுவந்து லோடு வண்டியில் ஏற்றினேன். குட்டியை இடது பக்கமாகப் படுக்கவைத்து, சாக்குப் போர்த்தி, மலை இறங்கும் வரை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். வீட்டிலும் அப்படித்தான். பால் குடிக்க மட்டும் தூக்கி நிறுத்துவோம். குடித்ததும் அதே பக்கம் சாய்ப்போம். நோவு கண்ட உயிரை எழுப்பக் கூடாது என்பது எங்கள் பழக்கம்.

படம் எடுக்கிறவர் ஒரு தாளை வைத்துக்கொண்டு கேட்டார்.

“பேரு?”

“வெக்கல.”

“வயசு?”

“மூணு நாளு.”

“இதுக்கு முன்னால எதுனா ஆபரேசன்?”

அவரைப் பார்த்தேன்.

“இன்னா பண்றதுங்க. எல்லாம் ரொப்பினாத்தான் மிசினு உள்ள வுடும்.”

பெயருக்கு என் பெயரைப் போட்டார். திரையில் என் பெயர் வந்தது. ஆண், மூன்று நாள்.

டாக்டரம்மா மயக்க ஊசி போட்டார். குட்டியைக் கிடத்திய பலகை மிசின் வளையத்துக்குள் போனது. மிசின் பேசியது: “மூச்சை இழுத்துப் பிடிக்கவும்.” குட்டி கேட்கவில்லை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் மூன்று பேரும் இழுத்துப் பிடித்தோம். வெளியே தாய்க்குதிரை கனைத்தது. “மூச்சை விடலாம்.” விட்டோம்.

படம் வந்தது. படம் எடுக்கிறவர் எண்ணிப் பார்த்துப் பயந்துவிட்டார்.

“இன்னாங்க, ஒரு பக்கத்துக்கே பதினெட்டு வெலா? நம்மளுக்குப் பன்னெண்டுதானே? ரொம்ப ஜாஸ்தியா கீதே!”

“குதிரைக்கு அவ்ளோதான்” என்றார் டாக்டரம்மா. எலும்பு உடையவில்லை. ஆனால் இடது நுரையீரல் வெள்ளையாக இருந்தது. “இது நோவா, பொறந்த குட்டிக்கெல்லாம் இப்படித்தானான்னு தெரியலயே. சேத்து வெச்சுப் பாக்க நல்ல குட்டி ஒண்ணு வேணும்.”

தியாகதுருகத்தில் கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை விடுகிறவர் ஒருவர். அவர் குதிரையும் அதே வாரம் குட்டி போட்டிருந்தது. டாக்டரம்மா போன் செய்தார். குதிரைக்காரர் குட்டியைத் தாயோடு கொண்டு வந்தார். நெற்றியில் பொட்டு வைத்த குட்டி. துள்ளியது. அவர் என் குட்டியைப் பார்த்தார்.

“யோவ், இது குதிரையா, நனஞ்ச கோணியா?”

நான் சாக்கை இழுத்துப் போர்த்தினேன்.

“டாக்டரம்மா, என்துதான் நல்ல குட்டின்னு எழுதிக் குடுத்துடுங்க. கண்ணாடி போட்டு மாட்டிக்கிறேன்.”

அதற்கும் ஊசி, வளையம், மூச்சு. டாக்டரம்மா படத்தை இரண்டு முறை பார்த்தார்.

“உங்க குட்டிக்கு ரெண்டு வெலா ஒடஞ்சிருக்குங்க.”

“நல்ல குட்டிக்கா?”

“ஆமாங்க.”

“வரும்போது கூட குதிச்சிக்கினு வந்துச்சும்மா!”

“இனிமே குதிக்கக் கூடாது.”

“மிசினு மனுசனுக்கு உண்டானது. மாத்திச் சொல்லுது.”

டாக்டரம்மா அவர் கையைப் பிடித்துக் குட்டியின் விலாவில் மெல்ல வைத்தார். உள்ளே எலும்பு நெறுநெறுத்திருக்க வேண்டும். குதிரைக்காரர் வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டார்.

அந்தக் குட்டிக்கு நுரையீரல் இரண்டு பக்கமும் கருப்பாக, காற்றோடு இருந்தது. டாக்டரம்மா என்னிடம் திரும்பினார்.

“நீங்க எந்தப் பக்கமா படுக்க வெச்சிருந்தீங்க?”

“எடது பக்கம்.”

“எவ்ளோ நேரம்?”

“பொறந்ததுலேருந்து.”

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அந்தப் பக்கத்து நொரையீரல் அமுங்கிப் போய்க் காத்தே போவலங்க. காலை மடிச்சு, நெஞ்சு தரையில படுற மாதிரி நிமித்தி ஒக்கார வையுங்க. விரிஞ்சா பொழைக்கும்.”

வீட்டுக்குக் கொண்டுவந்து உட்கார வைத்தோம். அது சாய்ந்தது. அதனால் ஒரு பக்கம் நான், மறு பக்கம் என் மனைவி. குட்டிக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தோம். ஒருத்தர் எழுந்தால் மூட்டை வைத்துவிட்டுப் போக வேண்டும். முதுகில் அதன் மூச்சு தெரியும். முதல் நாள் வேகம். மறுநாள் கொஞ்சம் கம்மி.

மூன்றாம் நாள் மத்தியானம் அப்படியே உட்கார்ந்து சாமைச் சோறு தின்றுகொண்டிருந்தோம். குட்டி எழுந்துவிட்டது. நாங்கள் இரண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். சோறு மேலெல்லாம் கொட்டியது. குட்டி என் வயிற்றில் ஒரு காலை வைத்துத் தாண்டித் தாயிடம் போனது.

“புடிங்க, வுழுந்துடப் போவுது” என்றாள்.

விழவில்லை. குடித்துக்கொண்டிருந்தது. படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம்.