மீன் எந்தப் பக்கம்?

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது, ஒரு வியாழக்கிழமை மாலை நாலே கால் மணிக்கு, மலேசியாவின் ஈப்போ பழைய டவுனில் ஓர் அச்சுக் கடையில் இது நடந்தது. நேரத்தை இவ்வளவு சரியாகச் சொல்லக் காரணம், முப்பது வருடமாக நான் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். அன்றைய பக்கத்தில் அந்த நேரத்துக்கு நேராக ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது: மரம்.

முதலில் என் பொழுதுபோக்கைச் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நில அளவை நிறுவனத்தில் பிளான் வரைபவன். தினமும் காலை ஐந்திலிருந்து ஆறரை வரை வீட்டுக் கம்ப்யூட்டரில் விமானம் செய்வேன். கம்ப்யூட்டரில் பழைய போர் விமானங்களை ஓட்டும் விளையாட்டுகள் உண்டு. அதில் பறக்கும் விமானங்களில் பலவற்றை என்னைப் போன்ற ஆட்கள்தான் உலகின் பல மூலைகளில் உட்கார்ந்து செய்கிறார்கள். ஒருவர் உடலைச் செய்வார், இன்னொருவர் வர்ணம் பூசுவார், வேறொருவர் என்ஜின் சத்தம் தேடிக் கொடுப்பார். முடிந்ததும் இணையத்தில் இலவசமாகப் போட்டுவிடுவோம். கூடவே ஒரு சிறு குறிப்பும் இருக்கும். யார் யார் உதவினார்கள் என்று அதில் எழுத வேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனாலும் எங்களுக்குள் அது பெரிய தவறு.

அந்த வருடம் நான் செய்துகொண்டிருந்தது, ஜப்பானியர் வருவதற்கு முன் மலாயாவில் பறந்த பஃபலோ என்ற விமானம். பீப்பாய்க்கு இறக்கை வைத்தது போல் இருக்கும். பதினான்கு மாதம் அதோடு கழித்தேன். மூடிகள், தகடுகள், சக்கரத்தின் மடிப்பு என எல்லாவற்றையும் அளந்து செய்தேன். 'ஒரு ஆணிகூடத் தப்பாக இருக்காது' என்று எங்கள் இணையக் குழுவில் எழுதியும் வைத்திருந்தேன். அந்த வரியை எழுதியபோது எனக்கு எவ்வளவு பெருமை இருந்தது என்பதை இப்போது நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

அதைப் படித்த நியூசிலாந்துக்காரர் ஒருவர் எனக்கு ஒரு புகைப்படம் அனுப்பினார். எழுபது வயதைத் தாண்டியவர். அவருடைய அப்பா அந்தக் காலத்தில் மலாயாவில் விமானம் பழுது பார்த்தவர். படத்தில் அந்த அப்பா, இளைஞராக, பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஒரு பஃபலோவின் பக்கவாட்டில் கை வைத்து நிற்கிறார். கைக்கு அருகில், விமானி உட்காரும் இடத்துக்குக் கீழே, ஒரு சின்ன மீன். அவரே வரைந்தது. பின்னால் ரப்பர் மரங்கள். எதிரியின் கண்ணில் படாமல் இருக்க அப்போது விமானங்களை மரங்களுக்கு அடியில்தான் நிறுத்துவார்களாம்.

"அப்பாவின் மீனோடு அந்த விமானத்தைச் செய்து தர முடியுமா?" என்று கேட்டிருந்தார். மகிழ்ச்சியாக ஒப்புக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். படத்தில் விமானத்தின் மூக்கு இடது பக்கம் பார்க்கிறது. அப்படியானால் நமக்குத் தெரிவது விமானத்தின் இடது பக்கம். மீன் இடது பக்கம். ஆனால் அந்த மனிதர் எழுதினார்: 'மீன் வலது பக்கம் என்றுதான் அப்பா சொல்வார். விமானி இடது பக்கமாக ஏறுவான், அவன் பூட்ஸ் பட்டு மீன் தேய்ந்துவிடும், அதனால்தான் யோசித்து வலது பக்கம் வரைந்தேன் என்பார். இந்தக் கதையை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன்.'

நான் பதில் எழுதினேன். மரியாதையாகத்தான், ஆனால் கறாராக. 'ஞாபகம் மாறும். படம் மாறாது. நான் படத்தின்படிதான் செய்வேன்.'

மறுநாளே பதில் வந்தது. 'நீங்கள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். கடைசிக் காலத்தில் அப்பா நிறைய விஷயங்களைக் குழப்பிக்கொண்டார். இடது பக்கமே போடுங்கள்.'

அன்றைய நாட்குறிப்பில், 'மீன் இடது. முடிந்தது' என்று எழுதியிருக்கிறேன். அவர் எழுதிய வரியில் என்ன வலி இருந்தது என்று நான் பார்க்கவே இல்லை.

நான்கு மாதம் கழித்து விமானம் தயாரானது. இந்தப் பைத்தியம் பிடித்த எட்டுப் பேர் ஈப்போவில் இருக்கிறோம். சனிக்கிழமை ஒரு சமூக மண்டபத்தில் கம்ப்யூட்டர்களை வைத்துக் கண்காட்சி நடத்தவும், அன்றே என் பஃபலோவை இணையத்தில் வெளியிடவும் ஏற்பாடு. நியூசிலாந்துக்காரரிடமும் சனிக்கிழமை என்று சொல்லிவிட்டேன். அந்தப் புகைப்படத்தைப் பெரிதாக அச்சடித்து மண்டபத்தில் மாட்டலாம் என்றுதான் வியாழக்கிழமை அந்தக் கடைக்குப் போனேன்.

கடையில் பேப்பர் வெட்டி, லேமினேட் செய்து கொடுக்கும் வேலையில் ஒரு அக்கா இருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். அச்சாகி வந்த படத்தை மேசையில் விரித்து ஓரம் வெட்டப் போனவர், அப்படியே நின்றார்.

"அண்ணே, இந்தப் படம் தெர்பாலிக்கா இருக்குலா."

தெர்பாலிக் என்றால் மலாயில் புரண்டு கிடப்பது. நான் எட்டிப் பார்த்தேன்.

"நேராத்தானே இருக்கு, அக்கா."

"தலைகீழ் இல்லண்ணே. கண்ணாடில பாக்குற மாதிரி இருக்கு. எடது வலதா மாறிப்போச்சு."

எனக்குச் சுருக்கென்றது. "அக்கா, இந்தப் படத்த நான் மாசக்கணக்கா பாத்துக்கிட்டு இருக்கேன்."

"நீங்க ப்ளேன பாத்திருப்பீங்க. நான் மரத்தப் பாக்குறேன்."

படத்தில் பின்னால் நின்ற ரப்பர் மரங்களின் பட்டையில் இருந்த வெட்டுகளை விரலால் தொட்டுக் காட்டினார். "பால் மரத்துல வெட்டுன்னா எடதுல ஒசரமா ஆரம்பிச்சு வலதுல எறங்கணும். எந்த எஸ்டேட்டுக்குப் போனாலும் அதான். அப்பத்தான் பாலு நல்லா வரும். இங்க பாருங்க, வலதுல ஆரம்பிச்சு எடதுல எறங்குது. மங்கும் எடது பக்கமே தொங்குது." பால் வந்து விழும் கிண்ணத்தைத்தான் மங்கு என்றார்.

விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. "யாராச்சும் இடது கைக்காரன் வெட்டியிருப்பான்."

அவர் சிரித்தே விட்டார். "எடது கைக்காரன் கத்திய மாத்திப் புடிப்பான். மரத்தையா மாத்துவான்? எங்க கூட ரெண்டு பேரு எடது கைதான். அவங்களும் இப்படித்தான் வெட்டுனாங்க. மாத்தி வெட்டிப் பாருங்க, தண்டல் வந்து மரத்த நாசம் பண்ணிட்டேன்னு அன்னைக்குப் பேரே போட மாட்டான். இங்க ஒண்ணு இல்ல, நாலு மரம். நாலுமா தப்பா வெட்டியிருப்பாங்க?" தண்டல் என்பது தோட்டத்து மேற்பார்வையாளர்; அவர் பேர் போடாவிட்டால் அன்றைய கூலி கிடையாது.

கல்லாவில் இருந்த சீன முதலாளி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த அக்காவிடம் வாதம் பண்ணாதே, முன்பு ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், இப்போது பேப்பர் வெட்டுகிறார், இரண்டிலும் கோணல் வராது என்று மலாயில் சொல்லிச் சிரித்தார்.

அக்கா மூலையில் கிடந்த ஓர் உயரமான அட்டைக் குழாயை எடுத்து நிறுத்தினார். போஸ்டர் சுருட்டி வைக்கும் குழாய். "இருவத்தி மூணு வருசம், அண்ணே. கண்ண மூடிக்கிட்டு காட்டுறேன், பாருங்க." சொன்னபடியே கண்ணை மூடினார். கையில் கத்தி இல்லை. ஆனாலும் மணிக்கட்டு மடங்கியது, தோள் இறங்கியது, கால்கள் குழாயைச் சுற்றிச் சின்னச் சின்ன அடியாக நகர்ந்தன. கை இடது மேலிருந்து வலது கீழாக ஒரே இழுப்பில் வந்து நின்றது. மூன்று முறை செய்தார். மூன்று முறையும் அதே சாய்வு. நான் கோணமானியோடு பிழைப்பவன். அந்தக் கையை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நானும் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்தான். என் அப்பா அங்கே கிராணி, கணக்கு எழுதுபவர். மரம் எத்தனை, ஆள் எத்தனை, அன்றைய பால் எவ்வளவு என்பதெல்லாம் எங்கள் வீட்டு மேசையில் இருந்தது. பள்ளிக்கூடம் போக தினமும் இரண்டு மைல் அந்த மரங்களுக்கு நடுவில்தான் நடந்தேன். வெட்டு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கேட்டால் எனக்குத் தெரியவில்லை.

படத்தை மறுபடி பார்த்தேன். புரொப்பெல்லர் படத்துக்குள் வரவில்லை. எழுத்தோ எண்ணோ ஒன்றும் இல்லை. ஆள் பனியனில் இருப்பதால் பட்டன்கூட இல்லை. இடது வலதைச் சொல்லக்கூடியது அந்தப் படத்தில் ஒன்றே ஒன்றுதான். அதை நான் வெறும் பின்னணி என்று விட்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த நியூசிலாந்துக்காரர் நினைவுக்கு வந்தார்.

"என்னாண்ணே, மொகம் மாறிப்போச்சு? லேமினேட் பண்ணவா, வேணாமா?"

நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், குழாயைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"அப்போ அந்த மனுசன் சரியாத்தான் சொல்லியிருக்காரு. நீங்கதான் அவரு மகன்கிட்ட இல்லன்னு சொல்லிட்டீங்க. படம் கெடக்குதுண்ணே, அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல அந்த மகனுக்குச் சொல்லுங்க."

உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு முறை தீர்மானமாகச் சொல்லித் தவறியவன், இரண்டாவது முறையும் தவறக் கூடாது என்று பயந்தேன். மறுநாள் காலை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு கோலகங்சார் சாலைப் பக்கம் போனேன். அங்கே ஒரு மலாய்க்காரருக்குச் சிறிய ரப்பர் தோட்டம் இருக்கிறது. அனுமதி கேட்டு, நோட்டும் கோணமானியுமாக மரம் மரமாகப் பார்த்தேன். முப்பது மரம். முப்பதும் இடது மேல், வலது கீழ். மரத்தில் கோணமானி வைத்து அளக்கும் ஆளை அந்தப் பெரியவர் அதுவரை பார்த்திருக்க மாட்டார். வரியா போடப் போகிறார்கள் என்று கவலையோடு கேட்டார். இல்லை, ஒரு மீனைத் தேடுகிறேன் என்றேன். அதற்குப் பிறகு என்னை விட்டுத் தள்ளியே நின்றார்.

காரில் உட்கார்ந்தே நியூசிலாந்துக்காரருக்கு எழுதினேன். மரங்களின் கதை முழுவதையும் எழுதி, கடைசியில், 'உங்கள் அப்பா சொன்னது சரி. நான் சொன்னது தவறு. அவர் குழம்பவில்லை. என்னை மன்னிக்க வேண்டும்' என்று முடித்தேன். எங்கள் இணையக் குழுவிலும், 'ஆணிகூடத் தப்பாது' என்று பெருமையடித்த அதே இடத்தில், என் தவறை எல்லாரும் பார்க்க எழுதினேன். அந்தப் பத்து வரியை எழுதியதுதான் பதினான்கு மாத வேலையில் கடினமான பகுதி.

அன்று மாலை பதில் வந்தது. பிஸ்கட் டின்னில் பழைய நெகட்டிவ் இன்னும் இருந்ததாம். அவருடைய மகள் அதைப் பக்கம் மாற்றி வைத்து ஸ்கேன் செய்திருக்கிறாள். 'ஜன்னல் வெளிச்சத்தில் சரியான பக்கமாகத் திருப்பிப் பிடித்தேன். மீன் வலது பக்கத்துக்குப் போய்விட்டது. நான்கு மாதமாக என் அப்பாவை மனதுக்குள் திருத்திக்கொண்டே இருந்தேன். இன்று அவரிடம் சத்தமாக மன்னிப்புக் கேட்டேன். அந்தப் பெண்மணிக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.'

என்மீது ஒரு வார்த்தைகூடக் கோபம் இல்லை.

சனிக்கிழமை காலை ஐந்து மணிக்கு உட்கார்ந்து மீனை வலது பக்கத்துக்கு மாற்றினேன். விமானம் சொன்ன நேரத்துக்கு வெளியானது. அந்த அக்காவின் பெயரைக் குறிப்பில் முதல் பெயராகப் போட்டேன். போடுவதற்கு முன் கடைக்குப் போய் அனுமதி கேட்டேன். அது எங்கள் வழக்கம்.

"எம் பேரா? நான் என்னாண்ணே செஞ்சேன், மரத்தப் பாத்தேன்," என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "போடுறதுன்னா முழுப் பேரா போடுங்க. அப்பா பேரையும் சேர்த்து," என்றார்.

போனில் விமானத்தைக் காட்டினேன். அதைச் சுற்றி நானே புதிதாகச் செய்து வைத்த நான்கு ரப்பர் மரங்களும் இருந்தன. விமானத்தை அவர் பார்க்கவே இல்லை. மரத்தைத்தான் பெரிதாக்கிப் பார்த்தார்.

"வெட்டு சரி. மங்கும் சரியான பக்கம்தான். ஆனா மங்கு காத்துலயா நிக்குது? கம்பி எங்கண்ணே?"

கம்பியை மறந்திருந்தேன். மரத்தைச் சுற்றிக் கட்டி, மங்கைத் தாங்கும் கம்பி. கண்காட்சி முடிந்ததும் அன்று மாலையே திருத்தி மறுபடி வெளியிட்டேன்.

'மீன் இடது. முடிந்தது' என்று எழுதிய நாட்குறிப்புப் பக்கத்தை நான் அடிக்கவில்லை, கிழிக்கவும் இல்லை. இப்போதும் யாராவது, தனக்கு அப்படித்தான் ஞாபகம் என்று தயங்கித் தயங்கிச் சொல்லும்போது, மறுப்புச் சொல்ல என் வாய் திறந்துவிடுகிறது. அதற்குள் அந்தப் பக்கம் கண்முன் வருகிறது, நான் பார்க்காமல் விட்ட மரம் ஏதாவது இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தேடிவிட்டுத்தான் பேசுகிறேன்.