சூடு ஆறும் வரை

துபாயிலிருந்து மதுரைக்குக் கிளம்பிய பெரிய விமானம் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே நின்றுவிட்டது. பிரேக் சூடாகிவிட்டதாம், ஆறிய பிறகுதான் பறக்க முடியும் என்றார் விமானி. எல்லோரும் கத்தினோம். பக்கத்து இருக்கைக்காரர் மட்டும் பேசவில்லை. பட்டாசுக்குப் பேர்போன விஸ்வநத்தத்துக்காரர். பட்டாசு ஆலையில் வேலை பார்த்த பழக்கத்தில், செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து, உடம்பு மின்சாரம் இறங்கட்டும் என்று கதவோர இரும்பை உள்ளங்கையால் தொட்டுவிட்டு விமானம் ஏறியவர்.

"உங்களுக்கு அவசரமில்லையா?" என்றேன்.

"நேத்து ஆலை வெடியில எம் மக போயிட்டாய்யா. இன்னைக்கு அஞ்சு மணிக்கு எடுத்துருவாக. வெடிமருந்து சூடாகுதுன்னு அவ சொல்லியிருக்கா. ஆலைக்காரவுக, ஆர்டர் கெடக்கு, வேலையப் பாருன்னுட்டாக. இங்கன சூடுன்னதும் நிப்பாட்டிட்டாக, பாத்தீகளா? ஆறட்டும்யா."

மதுரையில் இறங்கியபோது மணி ஆறு. செருப்பைக் கையில் பிடித்தபடியே அவர் வெளியே நடந்தார்.

விமானத்தில் அதிகம் கத்தியவன் நான்.