‘வுடாத புடி!’: நெல்லிப்பாறை நீலாவதி

நீலாவதி ஒரு நாளும் கபடி ஆடியதில்லை. அவள் சிறுமியாக இருந்த காலத்தில் ஜவ்வாது மலையில், அவள் ஊரான நெல்லிப்பாறையில், கபடி ஆண்களின் ஆட்டம். களத்துக்கு மேலே இருக்கும் பாறையில் உட்கார்ந்து பார்ப்பதை மட்டும் யாரும் தடுக்கவில்லை. பார்த்துப் பார்த்து, எந்த ஊர் ஆட்டக்காரன் எந்தக் காலை முதலில் எடுத்துவைப்பான், எவன் போனஸ் கோட்டுக்கு ஆசைப்பட்டு மாட்டிக்கொள்வான் என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. கல்யாணப் பேச்சு வந்தபோதுகூட மாப்பிள்ளை பூவரசனை அவளுக்கு நன்றாகத் தெரியும். நெல்லிப்பாறை அணியின் வலது மூலைக்காரன். கணுக்கால் பிடியில் கெட்டிக்காரன்.

முழங்கால் ஒருமுறை திருகிக்கொண்ட பிறகு பூவரசன் ஆட்டத்தை விட்டுவிட்டான். மார்கழி பிறந்தால் மலையின் மற்ற ஆண்களைப் போல அவனும் மிளகு பறிக்கக் குடகுக்குப் போய்விடுவான். திரும்பி வர மாசி ஆகும். பொங்கலுக்கு நடக்கும் கபடிப் போட்டி ஒவ்வொரு வருடமும் அவன் இல்லாமலேதான் நடந்தது.

நீலாவதிக்கு வேலை பெண்கள் குழு நடத்தும் சாமை மில்லில். கல் நீக்கும் இயந்திரமும் தோல் நீக்கும் இயந்திரமும் சேர்ந்து ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் காதில் விழாது. எட்டு வருடம் அங்கே நின்றதில் அவள் குரலுக்குத் தனி வாகு வந்துவிட்டது. அதைக் கத்தல் என்று சொல்ல முடியாது. ஆனால் எந்த இரைச்சலையும் அறுத்துக்கொண்டு போகும்.

நான்கு வருடத்துக்கு முன் காணும் பொங்கலன்று, இறுதி ஆட்டம் தொடங்கும் நேரத்தில் பூவரசன் போன் செய்தான்.

“ஏ நீலா, நம்ம புள்ளைங்க ஆட்டம் இன்னா ஆச்சி?”

“இப்பதாங்க ஆரம்பிச்சாங்க. ஆலங்காயத்துக்காரங்களோட.”

“கொஞ்சம் சொல்லேன். இங்க பதினாலு பேர் சுத்தி ஒக்காந்துக்கினு இருக்கோம்.”

பாறைமேல் நின்றபடி அவள் சொல்லத் தொடங்கினாள். முதலில் யார் யாரைத் தொட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். ஆட்டம் சூடுபிடிக்கப் பிடிக்கத் தன்னை மறந்துவிட்டாள்.

“வர்றான், வர்றான், செகப்பு பனியன்காரன் பாடிக்கினு வர்றான். எடது பக்கமா பாக்கறான், ஆனா அவன் ஆச வலது மூலைல. ஏ, பின்னால பாருடா! கால மாட்டிக்கினான்! இழுக்கறான், கோட்டுக்கு இன்னும் ஒரு சாண்தான். வுடாத புடி! வுடாத புடி! அய்யோ, சாமை மூட்ட மேல மூட்ட அடுக்கின மாதிரி ஆறு பேர் மேல வுழுந்துட்டாங்க. ஆள் அவுட்டு!”

அந்தப் பக்கம் எஸ்டேட் குடியிருப்பில் பதினாலு பேர் போட்ட கூச்சல் அவள் காதைப் பிளந்தது. ஆட்டம் முடிந்தபோது பூவரசன் சொன்னான்: “நான் அங்க நேர்ல இருந்தாக்கூட இவ்ளோ பாத்திருக்க மாட்டேன் புள்ள.”

அடுத்த வருடம் பதினாலு பேர் போதவில்லை. வேறு வேறு எஸ்டேட்டுகளில் இருந்தவர்களும் கேட்க வேண்டும் என்றார்கள். பூவரசனோடு வேலை செய்யும் வீரன் என்ற பையன்தான் யூடியூபில் நேரலை போடும் வழியைப் போனிலேயே சொல்லிக்கொடுத்தான். “செவப்பா ஒரு பட்டன் இருக்கும் அண்ணி. அத அமுக்கிட்டு நீங்க பாட்டுக்குப் பேசுங்க.”

நெல்லிப்பாறையில் சிக்னல் மோசம். படம் பத்து வினாடி ஓடும், பிறகு கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். குரல் மட்டும் தடையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. முதல் நாள் பார்த்தவர்கள் நூற்றுச் சொச்சம் பேர். அதில் யாரோ எழுதியிருந்தார்கள்: “அக்கா, படம் நின்னா நிக்கட்டும், நீங்க நிறுத்தாதீங்க.” அதை அவள் அன்றைக்கே பத்துத் தடவை படித்தாள்.

விழாக்குழுத் தலைவர் சின்னராஜுக்கு இது பிடிக்கவில்லை. மைக் பிடித்து வர்ணனை சொல்வதற்காக அவர் அடிவாரத்திலிருந்து ஒருவரை அழைத்து வந்திருந்தார். அந்த ஆள் மேடையில் நின்று பேச, பாதிக் கூட்டம் பாறைப் பக்கம் திரும்பி நீலாவதியைக் கேட்டுக்கொண்டிருந்தது.

“இன்னாம்மா இது? ஆம்பளைங்க ஆட்டத்த பொம்பள ஒருத்தி நின்னு கூவறது நல்லாவா இருக்குது?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டார் சின்னராஜ். “வேலிக்கு உள்ள, பாறை மேலகூட, இனிமே நீ போன் எடுத்துக்கினு வராத.”

நீலாவதிக்குக் கண் கலங்கிவிட்டது. மறுநாள் களத்துக்கு வெளியே, வேலிக்கு அப்பால் இருந்த புளியமரத்தின் கிளையில் ஏறி உட்கார்ந்தாள். அங்கிருந்தே சொன்னாள். “மரத்துல ஏறி சொல்றேங்க, ஆடிச்சின்னா கோச்சிக்காதீங்க” என்று அவள் ஆரம்பித்த அந்த வீடியோவை மூன்று நாளில் நாற்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ‘வுடாத புடி’ என்பதை மட்டும் வெட்டி எடுத்து யாரோ போட, அது பரவியது. ஒடுகத்தூர் ஆட்டோ ஓட்டுநர் ஒருவர், ஓடும் கோழியைத் தம் பிள்ளைகள் துரத்துவதைப் படமெடுத்து அதற்கு அவள் குரலைச் சேர்த்திருந்தார். கலசப்பாக்கத்தில் பஸ் கம்பியில் தொங்கிய பாட்டியம்மாவுக்கு ஒரு கல்லூரிப் பெண் அதையே சொல்லி இடம் பிடித்துக் கொடுத்தாள். யாரைப் பார்த்தாலும் வுடாத புடி.

சென்ற வருடம் சித்திரையில் மில்லில் நிற்கும்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் பேசினாள். பெயர் கோகிலவாணி என்றாள். சென்னையில் ஒரு சின்ன நிறுவனம், போனில் ஆடும் கபடி விளையாட்டு ஒன்றைச் செய்கிறோம், அதில் வர்ணனைக்கு உங்கள் குரல் வேண்டும் என்றாள்.

“ஓடிபி நம்பர்லாம் சொல்ல மாட்டேம்மா” என்று நீலாவதி போனை வைத்துவிட்டாள்.

கோகிலவாணி மூன்று முறை திரும்ப அழைத்தாள். நான்காவது நாள் பஸ் பிடித்து மலைக்கே வந்துவிட்டாள். மில் வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் காலணியெல்லாம் செம்மண். “அக்கா, நான் ஓடிபி கேக்க வரல” என்றாள். உள்ளேயிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

தன் போனில் விளையாட்டைத் திறந்து காட்டினாள். குட்டிக் குட்டி ஆட்டக்காரர்கள், கட்டைவிரலால் தள்ளினால் ஓடினார்கள், பாய்ந்தார்கள். எல்லாம் இருந்தது, உயிர் மட்டும் இல்லை. “ஆடிப் பாத்தவங்க எல்லாரும் ஒரே மாதிரி எழுதறாங்கக்கா. வுடாத புடி சொல்ற அந்த அக்காவ உள்ள போடுங்கன்னு.”

நீலாவதி பூவரசனையும் கூட்டிக்கொண்டு, போளூரில் இறங்கிச் சென்னை பஸ் ஏறினாள்.

பதிவு அறைக்குள் விட்டுக் கதவை மூடினார்கள். அப்படி ஓர் அமைதியை அவள் கேட்டதே இல்லை. கையில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். ‘வீரர் எதிரணியின் எல்லைக்குள் நுழைகிறார். அற்புதமான தொடுகை.’ அவள் படித்தாள். ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது போல இருந்தது. இரண்டாம் முறையும் அப்படியே. பத்தாம் முறையிலும் மாறவில்லை. கண்ணாடிக்கு அப்பால் நிறுவனத்தின் தலைவர் மோகன் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் பேச்சையும் மாத்திக்கலாமா?” என்றார் மோகன். “இன்னாங்கறதுக்குப் பதிலா என்ன. வுடாதங்கறதுக்குப் பதிலா விடாதே. எல்லா ஊர்க்காரங்களுக்கும் புரியணும் பாருங்க.”

நீலாவதி தாளை மடித்து மேசைமேல் வைத்தாள்.

“சார், நான் எழுதி வெச்சத படிச்சதே கெடயாது. ஆட்டத்தப் பாத்தாதான் எனக்குப் பேச்சு வரும். இங்க ஆட்டம் எங்க இருக்குது?”

கோகிலவாணிதான் மெல்லக் கேட்டாள்: “மாடில ஆடலாமாக்கா?”

அரை மணி நேரத்தில் மொட்டைமாடியில் சுண்ணக்கட்டியால் கோடு போட்டாயிற்று. அலுவலகத்தில் இருந்த மெத்தைகளையும் மெத்தென்ற நாற்காலித் திண்டுகளையும் பரப்பினார்கள். கணினி முன் உட்கார்ந்திருந்த பன்னிரண்டு பேர் பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு வந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் கபடி விளையாட்டு செய்கிறவர்களே தவிர, கபடி ஆடியவர்கள் இல்லை. ஓர் அணிக்கு ஆள் குறைய, பூவரசன் வேட்டியை மடித்துக் கட்டி வலது மூலையில் போய் நின்றான்.

“ஏங்க, முட்டி பத்திரம்!” என்றாள் நீலாவதி.

எதிரணியிலிருந்து பாடிக்கொண்டு வந்தவர் மோகன். கண்ணாடியைக் கழற்றிக் கோகிலவாணியிடம் கொடுத்துவிட்டு வந்திருந்தார்.

அவ்வளவுதான், அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது.

“வர்றாரு, வர்றாரு, மொதலாளியே பாடிக்கினு வர்றாரு! கண்ணாடிய கயட்டி வெச்சிட்டு வர்றாரு, எதிர்ல இருக்கறது ஆளா கம்பமான்னு தெரியுதோ இன்னாவோ! மூலைல யாரு நிக்கறான்னு பாத்துக்க சார், அவரு பழைய ஆளு. ஏ, கைய நீட்டறாரு. குனிஞ்சிட்டாங்க! கணுக்கால புடிச்சிட்டாங்க! தத்தறாரு, தாவறாரு, வுடாத புடி! வுடாத புடி!”

மோகன் திண்டுகளுக்கு நடுவில் குப்புற விழுந்து கிடந்து சிரித்தார். பக்கத்துக் கட்டடங்களின் ஜன்னல்களில் ஆட்கள் கூடிவிட்டார்கள். அன்று மாலை வரை ஆடினார்கள், மறுநாளும் ஆடினார்கள். அத்தனையும் பதிவாயிற்று. ‘இன்னா’வை மாற்றும் பேச்சை அதன்பின் யாரும் எடுக்கவில்லை.

ஆனாலும் மோகனுக்கு ஒரு தயக்கம் இருந்தது. ஆவணியில் விளையாட்டு வெளியானபோது இரண்டு குரல்களை வைத்தார். ஒன்று பயிற்சி பெற்ற அறிவிப்பாளருடையது, இன்னொன்று ‘மலைக் குரல்’. எது வேண்டுமோ ஆடுகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு மாதம் கழித்துக் கோகிலவாணி போன் செய்தாள். பேச ஆரம்பிக்கும் முன்பே அழுகையும் சிரிப்புமாக இருந்தாள்.

“பத்துல எட்டு பேர் உங்களத்தான்க்கா வெச்சிருக்காங்க. தூத்துக்குடி, யாழ்ப்பாணம், மலேசியா, எல்லா ஊர்லயும். ‘இன்னாடா கால மாட்டிக்கினே’ன்னு நீங்க திட்டறது கேக்கணும்னே வேணும்னு தோக்கறாங்களாம்!”

மில்லில் அந்தச் செய்தியைச் சொன்னபோது பெண்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கைதட்டினார்கள். நீலாவதிக்கு அந்தக் கணக்கைவிட ஒரு கடிதம்தான் பெரிதாகப்பட்டது. துபாயில் லாரி ஓட்டுகிற ஒருவர் எழுதியிருந்தார்: பாலைவனச் சாலையில் வண்டியை நிறுத்திவிட்டு ஒரு ஆட்டம் போடுகிறேன், நீங்கள் பேசினால் எங்கள் ஊர்க் களத்துப் புழுதி மூக்கில் ஏறுகிறது, நான் மேல்பட்டுப் பக்கம் அக்கா.

இந்த வருடம் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது சின்னராஜ் அவள் வீட்டுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“இந்த வாட்டி மைக்க நீதாம்மா புடிக்கணும். கீழ இருந்துலாம் ஜனங்க போன் பண்ணிக் கேக்கறாங்க, நீ பேசுவியான்னு. அன்னிக்கு நான் அப்டி சொன்னது தப்பு.”

நீலாவதி உடனே சரி என்று சொல்லவில்லை. சில நாட்களாக ஒன்று அவள் மனதில் இருந்தது. போன் விளையாட்டை ஆடும் பெண்கள் பலர், இதில் ஏன் பெண் ஆட்டக்காரர்களே இல்லை என்று அவளிடம் கேட்டிருந்தார்கள். கோகிலவாணியிடம் அதைச் சொன்னபோது, அடுத்த தடவை சேர்க்கிறோம் என்றாள். ஆனால் நெல்லிப்பாறைக் களத்திலேயே பெண்கள் ஆட்டம் இல்லையே?

“வர்றேங்க. ஆனா பொம்பளப் புள்ளைங்க ஆட்டம் ஒன்னு நடக்கணும்.”

“நம்ம மலைல யாரும்மா ஆடுவாங்க?”

“பள்ளிக்கூடத்துல எல்லாம் ஆடறாங்க. நம்ம களத்துலதான் எடம் இல்ல.”

சின்னராஜ் தலையைச் சொறிந்தார். பிறகு, “சரி, காணும் பொங்கலுக்கு மொத ஆட்டமே அதுதான்” என்றார்.

காணும் பொங்கலன்று களம் நிறைந்துவிட்டது. ஒடுகத்தூரிலிருந்தும் கலசப்பாக்கத்திலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். போன் விளையாட்டில் மட்டுமே கபடி பார்த்த பையன்கள் நிஜமான பிடியைப் பார்க்க முன்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள். சிக்னலுக்காகக் கோகிலவாணி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். படம் நிற்காமல் ஓடியது. பதினோராயிரம் பேர் நேரலையில் இருந்தார்கள்.

நீலாவதி மேடையில் ஏறி மைக்கைக் கையில் வாங்கினாள். களத்தில் நெல்லிப்பாறைப் பெண்களும் ஆலங்காயத்துப் பெண்களும் எதிரெதிரே நின்றார்கள். ஊதல் ஒலித்தது.

கடைசி நிமிடத்தில் இரண்டு பக்கமும் இருபத்தொன்று. நெல்லிப்பாறைக்காகப் பாடிப் போனவள் சரிதா, கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறவள், சற்றே ஒல்லி.

“போறா, சரிதா போறா! எதிர்ல அஞ்சு பேரு. அவசரப்படாத கண்ணு, நேரம் இருக்குது. வலது பக்கம் போறா மாதிரி போயி, இல்ல, இல்ல, எடதுல திரும்பிட்டா! தொட்டுட்டா! ஒருத்தி இல்ல, ரெண்டு பேரத் தொட்டுட்டா! இடுப்பப் புடிச்சிட்டாங்க, இழுக்கறாங்க, இவ வுழுந்துக்கினே கைய நீட்டறா, நீட்டறா. கோடு! கோட்டத் தொட்டுட்டா சரிதா!”

பிறகு அவள் சொன்னது எதுவும் யாருக்கும் கேட்கவில்லை. வேலியைத் தாண்டிக் கூட்டம் களத்துக்குள் பாய்ந்துவிட்டது. தோற்ற ஆலங்காயத்துப் பெண்கள் மேடைக்கு ஓடிவந்து நீலாவதியின் தோளைப் பிடித்துக்கொண்டு செல்பி எடுத்தார்கள். “அக்கா, எங்க தோல்வியக்கூட இன்னா அழகா சொன்னீங்க!” என்றாள் அவர்களின் தலைவி. பூவரசன் இந்த முறை குடகுக்குப் போகாமல் ஊரில் இருந்தான். கூட்டத்தின் நடுவில் நின்று, பார்க்கிறவர்களிடமெல்லாம் “எங்க வூட்டுக்காரிதான்” என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று மாலையே நான்கு ஊர்களிலிருந்து, அடுத்த வருடத்துக்குப் பெண்கள் அணி என்று பெயர் கொடுத்துவிட்டுப் போனார்கள். நின்ற இடத்திலேயே பெயர்களை எழுதிக்கொண்டவர் சின்னராஜ்.